பதினோராம் பக்கத்தில் இருக்கும் தரகர்

தம்பி, உன் ஆங்கிலப் புத்தகத்தின் அச்சுப்படி வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. முன்னுரையில் பதினோராம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வசனம் இருக்கிறதென்றும், எனக்குச் சம்மதமில்லை என்றால் எடுத்துவிடலாமென்றும், மாத முடிவுக்குள் பதில் வேண்டுமென்றும் ஒரு துண்டு எழுதி உள்ளே வைத்திருந்தாய். தொலைபேசியில் ஓம் அல்லது இல்லை என்று சொன்னால் போதுமாம். அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை. நீ அடுத்த மாதம் அமெரிக்காவுக்குப் படிப்பிக்கப் போகிறாய். போன பிறகு இதையெல்லாம் இருந்து கதைக்க நேரம் வராது. அதனால் எழுதுகிறேன். நீ என்னைப் பற்றி எல்லோரும் வாசிக்கத்தான் எழுதினாய். ஆகவே நானும் இதில் ஒரு பிரதியை, இங்கே கியூபெக்கில் தமிழ்க் கடைகளில் வைக்கிற மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் கொடுப்பேன்.

பதினோராம் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் குதிக்கிறேன் என்று நினைக்காதே. முழுவதையும் படித்தேன். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டவுன்டவுன் ஹோட்டல் சமையலறையில் பதினாறு வருஷம் சட்டி கழுவியபோது, ஈரக் கை படும் என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு அகராதி வைத்திருந்தேனே, அதையே எடுத்து வைத்துப் படித்தேன். நூலகம் கழித்துப் போடுகிற அமெரிக்க நாவல்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நீ அட்டைப்படம் பார்த்துச் சிரிப்பாய். அவற்றில் சிலவற்றைத்தான் இப்போது உன் புத்தகத்தில் ஆராய்ந்திருக்கிறாய். கப்பலில் வந்து இறங்கிய சனங்கள், அவர்களுடைய தெருவை ஆட்டிப்படைக்கிற அரசியல்வாதி, செத்தவீடு தவறாமல் வந்து தொப்பியைக் கழற்றுகிறவன், குளிர்காலத்தில் நிலக்கரி, பண்டிகைக்கு ஒரு வான்கோழி, அதற்குப் பதிலாகத் தெரு முழுவதின் வாக்கு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருத்தன். அவன் அங்கே ஒன்று சொல்லி இங்கே ஒன்று சொல்லுகிறவன். நகரத்து அரசியலில் குடியேறிகள் நுழைந்த கதவு அவன்தான் என்பது உன் வாதம். நன்றாக எழுதியிருக்கிறாய். எனக்கு விளங்குகிற அளவுக்கு எழுதியிருக்கிறாய், அது எல்லோராலும் முடியாது.

பிறகு அந்த வசனம். ஒரு பூங்காக் கட்டடத்தின் அறைக்காகத் தன் அயலவர்களின் வாக்குகளை விற்ற புரோக்கர் என் தந்தை என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வசனத்தில், அவரை அன்போடு நினைக்கிறேன் என்று போட்டிருக்கிறாய். முதலாவதை எழுதியவன் இரண்டாவதை எழுதத் தேவையில்லை. நான் உடனே உன்னை அழைத்தேன். நீ சொன்னாய்: “அப்பா, அது ஒரு தியரி வேர்ட். அதில கெட்ட அர்த்தம் ஒண்டும் இல்லை.” உன் பல்கலைக்கழகத்தில் இல்லாமல் இருக்கலாம். எங்களுக்குப் புரோக்கர் என்றால் கலியாணத் தரகர், காணித் தரகர். மாப்பிள்ளை குடிக்கிறதை மறைத்துச் சொல்கிறவர். கிணற்றில் தண்ணீர் வற்றும் என்பதைச் சொல்லாமல் விடுகிறவர். இரண்டு பக்கமும் கைநீட்டுகிறவர். நான் எந்தப் பக்கமும் கைநீட்டவில்லை. அந்த அறையும் கிடைக்கவில்லை. தரகர் என்று பார்த்தாலும் நான் உதவாத தரகர்தான்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னோடு வாதாடினால் அது நேர்மையில்லை.

எட்டு வருஷத்துக்கு முந்தைய தேர்தல் நினைவிருக்கும். எங்கள் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களிலும் இருந்த தமிழர்களில் பாதிப்பேர் அப்போதுதான் குடியுரிமை எடுத்திருந்தார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓர் அறை. பூங்காவில், குளிர்காலத்தில் ஸ்கேட்டிங் சப்பாத்து மாட்டுவதற்கென்று ஒரு கட்டடம் இருக்கிறதே, இங்கே ஷாலே என்பார்களே, அது சனிக்கிழமைகளில் காலையில் பூட்டியே கிடக்கும். அதைத் தந்தால் போதும். நகரசபைக் கவுன்சிலுக்குப் போட்டியிட்ட ஒருவர் எங்களைச் சந்திக்க வருகிறார் என்றதும், தவமணி தன் வீட்டைத் தந்தார். நீ தவமணி மாமி என்று கூப்பிடுகிறவர்தான், இரண்டாம் மாடி, டவுன்டவுனில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிற தவமணி. அந்த மனிதர் வந்தார். வாசலில் எங்கள் சப்பாத்துக் குவியலைப் பார்த்துவிட்டுத் தானும் கழற்றினார். இடது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அந்த ஓட்டையைப் பார்த்ததும் இந்த மனிதன் பொய் சொல்லமாட்டான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். உனக்கு ஒன்று சொல்லுகிறேன், போகிற இடத்தில் யாருடைய காலுறையையும் பார்த்து முடிவெடுக்காதே.

அவர் வடை சாப்பிட்டார், உன் அம்மாவிடம் இரண்டாவதும் கேட்டு வாங்கினார். நான் அறை விஷயத்தைப் பிரெஞ்சில் சொன்னேன். மூன்று நாள் மனப்பாடம் செய்த பிரெஞ்சு. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஜ வெ ஸி வ்வார்” என்றார். சொல்லுக்குச் சொல் போட்டால், நான் அதைப் பார்க்கப்போகிறேன் என்பது. அகராதியில் பார்த்தால் கவனிக்கிறேன், ஆவன செய்கிறேன் என்று இருக்கும். ஆனால் நான் அவர் முகத்தையும் பார்த்தேன். கண் கடிகாரத்துக்குப் போய் வந்தது. அது எங்கள் “பாப்பம்”. கலியாணப் பேச்சில் பெண் பிடிக்கவில்லை என்றால் நாங்கள் சொல்கிற பாப்பம். வேலை கேட்டு வருகிறவனிடம் முதலாளி சொல்கிற பாப்பம். இலங்கைத் தமிழனுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இருக்காது. அர்த்தம், இல்லை என்பதுதான்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதிரையில் இருந்தவர்கள், நிலத்தில் இருந்தவர்கள், குசினி வாசலில் தட்டத்தோடு அம்மா. “என்னவாம் அண்ணை?” என்று தவமணி கேட்டார். நான் பாப்பம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் அப்போதே கலைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வாக்குப்போட வந்திருக்கமாட்டார்கள். ஒருவரும் வாக்குப்போடப் போகாத கட்டடத்தை எந்தக் கவுன்சிலரும் பிறகு எட்டியும் பார்க்கமாட்டான் என்று நான் நினைத்தேன். முதலில் போய் நிற்போம், அறை தானாக வரும் என்று நினைத்தேன். சொன்னேன்: “ஓமாம். செய்து தாறாராம்.”

கைதட்டினார்கள். அந்த மனிதருக்கு ஏன் தட்டுகிறார்கள் என்று விளங்கவில்லை. விளங்காமல் தானும் சேர்ந்து தட்டினார்.

இதை நான் உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. தெரியாமல் மொழிபெயர்த்த பிழை என்றால் இந்தக் கடிதத்தில் இவ்வளவு இடம் கொடுத்திருக்கமாட்டேன். தெரிந்து செய்தேன். ஒரு சொல்லைத் தெரிந்து மாற்றினேன். அவர் வென்றார். அறை வரவில்லை. பனி உருகி, வசந்தம் வந்து, ஷாலேயின் பூட்டு அப்படியே தொங்கியது. எனக்குப் பின்னால் தவமணியின் குரல் தொங்கியது. லிஃப்ட்டில் கண்டால், “என்ன அண்ணை, அறை எந்த மாடியில?” தமிழ்க் கடையில் கண்டால், “திறப்பு உங்களிட்டையோ, இல்லாட்டி அவரிட்டையோ?” மற்றவர்கள் இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை.

நானும் விடவில்லை. மாதம் ஒருமுறை கவுன்சில் கூட்டம். பொதுமக்கள் வாசலில் பெயர் எழுதிவைத்தால் கேள்வி கேட்கலாம். கேள்வி மட்டும்தான் கேட்கலாம், அதற்கும் இரண்டு நிமிஷம். நாங்கள் பழகியது மனு. மனு என்றால் முதலில் தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, இந்தச் சந்தர்ப்பத்தைத் தந்தமைக்கு நன்றி, நாங்கள் இன்ன இடத்தில் இத்தனை வருஷமாக அமைதியாக வாழ்கிறவர்கள் என்று வணங்கிக்கொண்டு வந்துதான் விஷயத்தைத் தொடவேண்டும். நேராக விஷயத்துக்குப் போனால் அது மரியாதையில்லை. நான் வணங்கி முடிக்க இரண்டு நிமிஷமும் முடிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் தலைவர் ஸ்தானத்தில் இருந்தவர், “உங்கள் கேள்வி என்ன, ஐயா?” என்பார். நான் நன்றி சொன்னதுதான் பதிவில் ஏறியிருக்கும். பிறகு வீட்டில் இருந்து, வணக்கத்தை வெட்டி வெட்டிக் குறைத்தேன்.

அந்த முதல் வருஷத்திலேயே ஒரு மாதம் நீயும் வந்தாய். இருபத்தொரு வயது உனக்கு. மூன்று வரிசை தள்ளிப் போய் இருந்தாய். அன்றைக்கு நான் வணக்கத்தை ஒரு வரியாக்கிவிட்டேன், கேள்விக்கு வந்துவிட்டேன், ஆனால் பின்னால் யாரோ என் உச்சரிப்புக்குச் சிரிக்கப் பிரெஞ்சு என்னை விட்டுப் போய்விட்டது. வாயில் தமிழ்தான் வந்தது. வென்ற அந்தக் கவுன்சிலரை நேரே பார்த்து, “வாக்குக் குடுத்தனீரோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும்” என்று சத்தமாகக் கேட்டேன். உங்களோடு யாராவது வந்திருக்கிறார்களா, மொழிபெயர்க்க முடியுமா என்று தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். நீ எழும்பினாய். எழும்பி, நல்ல பிரெஞ்சில், கியூபெக்கில் பிறந்த பிள்ளைகளின் பிரெஞ்சில், “என் தந்தை கவுன்சிலுக்கு நன்றி சொல்கிறார்” என்றாய்.

மெர்சி என்ற சொல் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இந்த நாட்டுக்கு வந்து முதலாவதாக எனக்குச் சொல்லித்தந்த சொல் அது. அவர்களும் எனக்கு நன்றி சொன்னார்கள். நான் இருந்துவிட்டேன். பஸ்ஸில் நீ, “அப்பா, இனி நீங்கள் இஞ்சை வராதேங்கோ. நான் வடிவா ஒரு கடிதம் எழுதித் தாறன்” என்றாய். அதற்குப் பிறகு நாலு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. அதே காலத்தில் நீ பொறியியலை விட்டு இலக்கியத்துக்கு மாறினாய். அப்பாவுக்கு அந்தக் கோபம் என்று நீ நினைத்தாய், அம்மா நினைத்தார், உறவுக்காரர் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது, மறுத்துப் பேசவில்லை. இன்றைக்கு மறுக்கிறேன். நீ கதைப் புத்தகம் படிக்கப் போனதில் எனக்கு ஒருநாளும் குறை இல்லை. இந்த வீட்டில் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தவனே நான்தான். என் கேள்வியை நீ நன்றியாக மாற்றினாய். அதுதான் எனக்குக் கோபம்.

உன் புத்தகத்தில் அது இல்லை. என் சொல்லை மாற்றிய இளைஞன் இல்லை. தரகர் இருக்கிறார், அவருடைய மகன் ஆராய்ச்சியாளனாகத்தான் வருகிறான். என்னைப் பற்றி எழுதப் பேனா எடுத்தவன் அதையும் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் கொதித்தது. வசனத்தை எடு, இல்லையென்றால் உன் பங்கையும் சேர்த்து எழுது என்று ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுவிட்டேன். ஆனால் அதை அனுப்புவதற்கு முன், அறைக்காக எட்டு வருஷம் என்னை விரட்டுகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பத்திரிகையில் அவர் வாசித்துத் தெரிந்துகொள்வது சரியில்லை.

போன சனிக்கிழமை முற்பகல், கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் தவமணி நின்றார். உலர்த்தி சுற்றிக்கொண்டிருந்தது. உன் வசனத்தைத் தமிழாக்கிச் சொன்னேன். பிறகு நான் செய்ததைச் சொன்னேன். “அந்த மனிசன் பாப்பம் எண்டுதான் சொன்னவர், தவமணி. செய்து தாறன் எண்டு சொல்லேல்லை. நான்தான் மாத்திச் சொன்னனான்.”

அவர் துவாயை மடித்துக்கொண்டே, “ஓம், தெரியும்” என்றார்.

“என்னெண்டு தெரியும்? உனக்குப் பிரெஞ்சு விளங்காதே.”

“பிரெஞ்சு விளங்காட்டி மூஞ்சையும் விளங்காதோ? எத்தினை பாப்பத்தைக் கண்டனான் நான். என்ர கலியாணமே மூண்டு பாப்பத்துக்குப் பிறகுதான் நடந்தது.”

“அப்ப ஏன் அவனுக்குப் போட்டனீ?”

“ஆர் போட்டது?” என்றார். துவாயை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான் அவனுக்குப் போடேல்லை அண்ணை. அந்தக் கட்டைத் தலைமயிர் மனிசி ஒண்டு நிண்டதெல்லே, தோத்தது? அவ ஒருநாள் நான் சாமானோட வரேக்கை கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. இந்தக் கட்டடத்தில வெந்நீர் ஒழுங்கா வருதோ எண்டு கையால காட்டிக் கேட்டவ. அவவுக்குத்தான் போட்டனான்.”

தேர்தல் நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டு வந்து, அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவர், கனநேரம் வெளியே வரவில்லை. நான் வாசலில் தவித்துக்கொண்டு நின்றேன், வட்டத்துக்குள் கோடு போடச் சொல்லிக் கொடுத்தது விளங்கவில்லையோ என்று. வந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்குப் பென்சில் கூரில்லை என்றார். “எல்லாற்றை பேரையும் வாசிச்சுப் பாத்தனான்” என்று இப்போது சொன்னார். “ஊரில ஆர் நிக்கினம் எண்டதைவிட ஆர் பாத்துக்கொண்டு நிக்கினம் எண்டதுதான் எங்களுக்குப் பயம். இஞ்சை ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. அதுதான் ஆறுதலா நிண்டனான்.”

“அவனுக்குப் போடாமல், பேந்து ஏன் எட்டு வருஷமா என்னட்டை அறை கேக்கிறாய்?”

“அறை வேணும்தானே?” என்றார். “நல்ல கதை கதைக்கிறியள். வேற ஆரிட்டைக் கேக்கிறது?” பிறகு, “மற்றவை ஆருக்குப் போட்டவை எண்டும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்” என்று சொல்லிச் சிரித்தார். நான் கேட்கப்போவதில்லை. அது என்னுடைய விஷயம் இல்லை என்பதை எழுபது வயதில் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று விளங்கிக்கொண்டேன். இதையெல்லாம் தம்பிக்கு எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொன்னார். “பேரையும் போடட்டும். பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கோ” என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய கடிதத்தைக் கிழித்தேன். நீ ஆராய்ந்த நாவல்களையும் உன் புத்தகத்தையும் திரும்ப யோசித்தேன். அவற்றில் அரசியல்வாதி இருக்கிறான், நடுவில் நிற்கிறவன் இருக்கிறான், வான்கோழி வாங்கப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிற சனம் இருக்கிறது. வான்கோழியை வாங்கிக்கொண்டுபோய்ச் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மறைப்புக்குப் பின்னால் தனக்குப் பிடித்த பெயருக்குக் கோடு போட்ட ஒரு மனுஷி அந்தத் தெருவில் இருந்திருக்கமாட்டாளா? நாவல் எழுதினவன் அவளோடு மறைப்புக்குப் பின்னால் போகவில்லை. போக முடியாது, சட்டம் விடாது. அதற்காக அவள் விற்கப்பட்டாள் என்று எழுதுவதா? வாக்குகளைக் கொண்டுவந்து சேர்த்தவனின் கணக்கை நம்பி எழுதிவிட்டான். நீயும் என் கணக்கை நம்பினாய். தவறு என்னில்தான். நான் இந்த வீட்டில், எங்கட வாக்கால்தான் அவன் வந்தவன் என்று எத்தனை தரம் மேசையைத் தட்டியிருக்கிறேன். நீ அதைக் கேட்டு வளர்ந்தாய்.

நீ போகிற நகரத்தில் உனக்கு வாக்கு இருக்காது. இருந்தாலும் அங்கேயும் கவுன்சில் கூட்டம் நடக்கும், போய்ப் பின்வரிசையில் இரு. குப்பை எந்த நாள் எடுக்கிறார்கள், பனி எந்தத் தெருவில் முதலில் அள்ளுகிறார்கள் என்று பார். மேடையில் இருக்கிறவனையும் மைக்குக்கு முன்னால் நிற்கிறவனையும் பார்த்து முடித்த பிறகு, சும்மா இருக்கிறவர்களைப் பார். உன் மாணவர்களுக்கும் சொல்லு.

இனி உன் கேள்விக்குப் பதில். பதினோராம் பக்கத்தை எடுக்காதே. புரோக்கர் என்ற சொல்லையும் எடுக்காதே. மூன்று கிழமை அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினேன், இப்போது அதை எனக்கு நானே வைத்துக்கொள்கிறேன். ஒருவன் சொன்னதை இன்னொருவருக்கு மாற்றிச் சொன்னேன், அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. உன் மெர்சியைப் பற்றி நீ எழுதுகிறாயோ இல்லையோ, அது உன் மனச்சாட்சி. நான் கேட்கமாட்டேன். கவுன்சிலுக்கு நான் இன்னும் போகிறேன், வருகிற செவ்வாய்க்கும் பெயர் எழுதுவேன். அறை கிடைக்கும்வரை எழுதுவேன்.

ஆனால் ‘அயலவர்களின் வாக்குகளை விற்ற’ என்பதை வெட்டு. அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. என்னிடம் இல்லாததை நான் விற்கவில்லை. அவர்கள் விற்பனைக்கு வரவுமில்லை. வெட்டினால் என் சம்மதம் உண்டு. வெட்டமாட்டேன், அதுதான் வாதத்துக்கே ஆதாரம் என்று நினைக்கிறாயென்றால், நீ புறப்படுவதற்கு முன் ஒருநாள், நீ இருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து பஸ் ஏறி இங்கே வா. தவமணி மாமியின் வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வசனத்தை அவர் முகத்தைப் பார்த்து வாசி. தமிழில் வாசி. நான் பக்கத்தில் நிற்பேன், ஆனால் மொழிபெயர்த்துத் தரமாட்டேன்.

அப்பா